கேபிள் வராத வீட்டுக்கு சிம் கார்டில் இன்டர்நெட்: முதலில் டவரைத் தேடுங்கள், ரூட்டர் அப்புறம்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது எங்கள் வீடு. மெயின் ரோட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர் உள்ளே வர வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கம்பத்தோடு தொலைபேசி ஒயரும் போனது. அந்த போனை யாரும் எடுத்துப் பேசியே பல மாதம் ஆகியிருந்ததால் அப்பா அதை சரண்டர் செய்துவிட்டார். பிறகு வீட்டிலிருந்து வேலை செய்யும் நிலை எனக்கு வந்தபோது, ஊரில் கேபிள் டிவி நடத்துபவரிடம் ஃபைபர் கேட்டேன். "பத்து கனெக்‌ஷன் சேத்துக் கொடுங்க தம்பி, கம்பம் நட்டு இழுத்துடலாம்" என்றார். எங்கள் பக்கம் மொத்தமே நாலு வீடு.

ஆக, சிம் கார்டில்தான் நெட் என்று முடிவானது. நான் செய்த தவறு, நேராகக் கடைக்குப் போய் ரூட்டர் வாங்கியது. கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். பாட்டு ஒன்று தொடங்குவதற்குள் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரூட்டரைக் குறை சொன்னேன், சிம்மை மாற்றினேன், பிளானை ஏற்றினேன். மூன்று மாதமும் கொஞ்சம் பணமும் போன பிறகுதான் புரிந்தது: கூடத்தில் சிக்னலே இல்லை, இல்லாததை எந்த ரூட்டரும் பெருக்கித் தராது. அதனால் இந்த வழிகாட்டியில் ரூட்டர் நான்காவது படியில்தான் வரும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தெரு முனைவரை ஃபைபர் வந்திருந்தால் அதையே வாங்குங்கள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை (அதுதான் ஃபைபர்) இழுக்கும் பாரத்நெட் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் வேலையை, தமிழக அரசு நிறுவனமான டான்ஃபிநெட் பார்க்கிறது. உங்கள் ஊராட்சி அலுவலகம்வரை அது வந்திருக்கிறதா, அங்கிருந்து வீட்டு இணைப்பு தருபவர் யாராவது உண்டா என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள். இல்லை என்றானால் மேலே படியுங்கள்.

படி 1: ஒரு மாதத்துக்கு எவ்வளவு டேட்டா வேண்டும்?

கணக்கு எளிது. ஒரு எம்பிபிஎஸ் (வினாடிக்கு ஒரு மெகாபிட்) வேகத்தில் விடாமல் ஓடினால் மணிக்கு 450 எம்பி செலவாகும். எச்டி படத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை ஆகும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. வீட்டில் ராத்திரி இரண்டு மணி நேரம் டிவியில் எச்டி ஓடினால் அதற்கே மாதம் 180 ஜிபி. வீடியோ மீட்டிங், பிள்ளைகளின் யூடியூப், நாலு கைபேசியின் அப்டேட் எல்லாம் அதற்கு மேல்.

இதை வைத்துப் பார்த்தால் 'தினம் 2 ஜிபி' ப்ரீபெய்ட் பிளான் குடும்பத்துக்கு ஒத்துவராது என்று தெரிந்துவிடும். சாயங்காலத்துக்குள் தீர்ந்து, மீதி நேரம் 64 கேபிபிஎஸ்ஸில் தவழும். வாட்ஸப் எழுத்து போகும், படம் போகாது. தனி ஆளாக இருந்து மெயிலும் செய்தியும் மட்டும் பார்ப்பவருக்கு அது போதும்.

படி 2: எந்த நிறுவனத்தின் டவர் எங்கே இருக்கிறது?

தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் உங்கள் ஊரைத் தேடினால் சுற்றியுள்ள டவர்கள் வரைபடத்தில் தெரியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி நிறுவனங்களும் தங்கள் கவரேஜ் வரைபடத்தை இணையத்தில் போட்டிருக்கின்றன. அவற்றை வைத்து டவர் எந்தத் திசையில், ஏறத்தாழ எவ்வளவு தூரத்தில் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 'உங்கள் இடத்தில் 5ஜி உண்டு' என்று வரைபடம் பச்சையாகக் காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வரைபடத்துக்கு உங்கள் வீட்டுச் சுவர் தெரியாது, பக்கத்துத் தோப்பும் தெரியாது.

அப்புறம் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். எதிர் வீட்டில் எந்த சிம்மில் வீடியோ கால் உடையாமல் பேசுகிறார்கள் என்பது நல்ல தகவல். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் வேறு வேறு சிம் வைத்திருந்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் ஒரு காதுகுத்து அன்றுதான் மூன்று நிறுவனங்களையும் ஒரே நாளில் சோதித்தேன். போனைக் கொடுத்துவிட்டு அத்தை பத்து நிமிடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படி 3: வீட்டுக்குள் சிக்னலை அளப்பது

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தால் மீதி தானாக அமையும். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

போனில் தெரியும் பாயிண்டுகளை நம்ப வேண்டாம். நாலு பாயிண்ட் காட்டிக்கொண்டே நெட் தவழும். உண்மையான எண்ணைப் பார்க்க, ஐபோனில் *3001#12345#* என்று அழுத்தி கால் பட்டனைத் தட்டுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* வேலை செய்யும். அது வராவிட்டால் நெட்வொர்க் செல் இன்ஃபோ, செல்மேப்பர் மாதிரி ஏதாவது ஒரு செயலி போதும். வைஃபையை அணைத்துவிட்டு அளக்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று ஆர்எஸ்ஆர்பி, அதாவது சிக்னலின் பலம். இது மைனஸில் இருக்கும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 90க்கு உள்ளே இருந்தால் சந்தோஷம், மைனஸ் 100 வரை சமாளிக்கலாம், மைனஸ் 110ஐத் தாண்டினால் தொல்லைதான். இன்னொன்று எஸ்ஐஎன்ஆர், அதாவது இரைச்சலைத் தாண்டி சிக்னல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது. இது 13க்கு மேல் இருந்தால் நல்லது, 20க்கு மேல் அருமை, பூஜ்யத்துக்குக் கீழே என்றால் அந்த இடத்தை மறந்துவிடலாம். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் பேசுவது பலம், அவர் பேசுவது நம் காதில் விளங்குவது தெளிவு. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இடம் இடமாக நின்று எழுதுங்கள். என் நோட்டில் இருந்தது இது: கூடம், டிவி பக்கம், மைனஸ் 112, தெளிவு 1. மேற்கு ஜன்னல், மைனஸ் 104, தெளிவு 6. மாடிப்படிக் கூண்டுக்குள், மைனஸ் 95, தெளிவு 11. மொட்டை மாடி வடமேற்கு மூலை, தலைக்கு மேல் கையை உயர்த்தி, மைனஸ் 89, தெளிவு 16.

கூடத்துக்கும் மாடி மூலைக்கும் 23 டெசிபெல் வித்தியாசம். இந்தக் கணக்கில் பத்து கூடினால் பத்து மடங்கு. 23 என்றால் ஏறத்தாழ 200 மடங்கு. ஒரே வீடு, ஒரே சிம், நடுவில் ஒரு கான்கிரீட் தளமும் இரண்டு சுவரும் மட்டுமே. சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றால் அங்கேயும் ஏழெட்டு குறைந்தது. தண்ணீர் நிறைந்த தொட்டி சிக்னலை நன்றாகவே விழுங்கும். தகரக் கூரை அதைவிட மோசம், அப்படியே திருப்பி அனுப்பிவிடும்.

இதை காலை, மதியம், இரவு 9 மணி என மூன்று முறை செய்து, ஒவ்வொரு முறையும் வேகத்தையும் சோதியுங்கள். டிராயின் மைஸ்பீட் செயலி இருக்கிறது. பலமும் தெளிவும் அப்படியே இருந்து இரவில் வேகம் மட்டும் விழுந்தால், டவரில் கூட்டம் என்று அர்த்தம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம்: கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வருகிறதுதான், ஆனால் மேலே இருக்கிற எல்லா மதகும் திறந்திருக்கும்போது கடைமடைக்கு எவ்வளவு வரும்? இரவு 9 மணிக்குக் கிடைக்கும் வேகம்தான் உங்கள் வேகம். காலை 5 மணிக்கு வந்த எண்ணை எழுதி வைத்து சந்தோஷப்படாதீர்கள்.

அலைவரிசையையும் குறித்துக்கொள்ளுங்கள், அதே செயலியில் பேண்ட் எண் தெரியும். இங்கே 4ஜியில் அடிக்கடி பார்ப்பது பேண்ட் 5 (850 மெகாஹெர்ட்ஸ்), பேண்ட் 3 (1800), பேண்ட் 40 (2300). மெகாஹெர்ட்ஸ் எண் சிறிதாக உள்ள அலைவரிசை சுவரைத் தாண்டி உள்ளே வரும், தூரமும் போகும். ஆனால் அகலம் குறைவு. வாய்க்கால் மாதிரி வாசல்வரை வரும், தண்ணீர் கொஞ்சம்தான். 2300 அகலமானது, ஆனால் சுவர் தாண்டாது. 5ஜியின் 3300 அதைவிட நோஞ்சான், ஈரமான தென்னை ஓலைக்கே திணறும். வீட்டுக்குள் நாலு பாயிண்ட் காட்டியும் நெட் தவழுவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்: போன் 850ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

படி 4: ஏர்ஃபைபரா, சொந்த ரூட்டரா?

மாடியில் 5ஜி நல்ல பலத்தோடு கிடைத்தால் ஏர்ஃபைபருக்கு (டவரின் 5ஜி சிக்னலிலேயே நிறுவனம் தரும் வீட்டு இணைப்பு) விண்ணப்பியுங்கள். 2023ல் ஏர்டெல் ஆகஸ்டிலும் ஜியோ செப்டம்பரிலும் இதைத் தொடங்கின. ஜியோவின் முதல் எட்டு நகரங்களில் சென்னையும் இருந்தது. மொட்டை மாடியில் ஒரு பெட்டியைக் கம்பியில் மாட்டி, அங்கிருந்து ஒயர் இழுத்து வீட்டுக்குள் வைஃபை ரூட்டர் வைத்துத் தருவார்கள். நான் மூன்று மாதம் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயத்தை அவர்கள் முதல் நாளே செய்துவிடுகிறார்கள். 2023ல் தொடங்கியபோது ஜியோவின் விலை 30 எம்பிபிஎஸ்ஸுக்கு மாதம் 599 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 707. விளம்பரத்தில் வரி இல்லாத தொகைதான் பெரிதாக இருக்கும். விலையும் சலுகையும் மாறிக்கொண்டே இருப்பதால் மூன்றைக் கேளுங்கள்: மாதத்துக்கு எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், பொருத்தும் கட்டணம் எவ்வளவு, வேண்டாம் என்றால் பெட்டியைத் திருப்பித் தருவது எப்படி. வருடச் சந்தா கட்டினால் பொருத்தும் கட்டணம் இல்லை என்பார்கள். முதல் மாதம் ஓட்டிப் பார்க்காமல் வருடத்துக்குக் கட்டாதீர்கள்.

5ஜி இல்லை, 4ஜிதான் என்றால் சொந்தமாக ஒரு சிம் ரூட்டர். வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

உங்கள் நோட்டில் இருக்கும் பேண்டுகள் அதில் இருக்கின்றனவா? பிஎஸ்என்எல் 4ஜி போடப் போகிறீர்கள் என்றால் பேண்ட் 28ம் (700) பேண்ட் 1ம் (2100) வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள், லீவில் வரும்போது அங்கே சும்மா கிடந்த ரூட்டரைக் கொண்டுவருகிறார்கள். பாதிக்குப் பாதி அந்த ஊர் நிறுவனத்துக்கு லாக் ஆகியிருக்கும், நம் சிம்மை ஏற்காது.

ரூட்டரின் வேக வகை கேட்டகரி 4 என்று போட்டிருந்தால் அதிகபட்சம் 150 எம்பிபிஎஸ், ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் ஓடும். கேட்டகரி 6 என்றால் 300, இரண்டு பேண்டைச் சேர்த்துப் பிடிக்கும். டிபி-லிங்க்கின் எம்ஆர்6400 முதல் வகை, ஆர்ச்சர் எம்ஆர்600 இரண்டாவது வகை. போனில் மாடியில் 60 வந்தது, ரூட்டரில் 30தான் வருகிறது என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் முதல் வகையை வாங்கியவர்கள்; கையில் இருக்கும் போன் பேண்டுகளைச் சேர்க்கும், அந்த ரூட்டர் சேர்க்காது. விலை வித்தியாசத்தைப் பார்க்காமல் இரண்டாவதையே வாங்குங்கள் என்பேன்.

ஆன்டெனாவைக் கழற்றி மாட்ட முடிகிறதா என்றும் பாருங்கள். பின்னால் உதவும்.

பழைய போனையே ஹாட்ஸ்பாட்டாக வைக்கலாமே என்பீர்கள். பத்து நாள் வைக்கலாம். இரவும் பகலும் சார்ஜரில் கிடந்தால் பேட்டரி உப்பும். என் பழைய போன் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டது.

சிம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. '5ஜி அன்லிமிடெட்' என்பது கைபேசிக்கான சலுகை. அந்த சிம்மை ரூட்டரில் போட்டால் அதே சலுகை கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற வரி விதிமுறையில் எங்காவது இருக்கும். ரூட்டருக்கு என்றே உள்ள பிளானோ, தினக்கணக்கு இல்லாமல் மொத்தமாக ஜிபி தரும் பிளானோ இருக்கிறதா என்று கேளுங்கள். சிம் வாங்கும்போது மாற்று எண்ணாக உங்கள் சொந்த எண்ணைக் கொடுங்கள். ரூட்டருக்குள் போன சிம்முக்கு ஓடிபி வந்தால், ரூட்டரின் பக்கத்துக்குள் போய் எஸ்எம்எஸ் பகுதியில்தான் படிக்க வேண்டும். அது தெரியாமல் நான் சிம்மைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன்.

படி 5: ரூட்டரை சிக்னல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது

இங்கே எல்லோரும் நினைப்பது, ரூட்டரைக் கூடத்தில் வைத்து மாடியில் ஆன்டெனா மாட்டி ஒயர் இழுக்கலாம் என்று. கடையில் கிடைக்கும் ஆர்ஜி58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிள் 2300 அலைவரிசையில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபெல்லைத் தின்றுவிடும். பத்து மீட்டர் இழுத்தால் பத்து டெசிபெல், அதாவது பத்தில் ஒரு பங்குதான் கீழே வந்து சேரும். ஆன்டெனா கூட்டிக் கொடுத்ததை ஒயர் சாப்பிட்டுவிடுகிறது.

அதற்குப் பதில் ரூட்டரையே மேலே வையுங்கள். அங்கிருந்து நெட்வொர்க் கேபிளைக் கீழே இறக்குங்கள். 100 மீட்டர்வரை வேகம் குறையாது. கேட்6 கேபிள், வெளியில் போடும் கறுப்பு உறை, முழுச் செம்பு. செம்பு பூசிய அலுமினியம் விலை குறைவாக இருக்கும், வேண்டாம். பிவிசி பைப்புக்குள் போட்டு இறக்குங்கள். எங்கள் வீட்டில் முதல் கேபிளை அணில் நாலு மாதத்தில் கடித்துத் துண்டாக்கியது.

மேலே எங்கே? மாடிப்படிக் கூண்டுதான் பெரும்பாலான வீடுகளுக்கு சரியான இடம். நிழல், மழை படாது, பிளக் பாயிண்ட் இருக்கும், ஒரு ஜன்னலும் இருக்கும். என் நோட்டின்படி மாடி மூலையைவிட அங்கே ஆறு டெசிபெல் குறைவு. ஆசைப்பட்டு ரூட்டரை ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து மூலைக் கம்பியில் கட்டினேன். அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம், மதியம் 12 மணிக்கு மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே நெட் போனது. மேலே ஓடிப்போய்த் தொட்டால் டப்பா கையைச் சுட்டது. வீட்டு ரூட்டர்கள் 40 டிகிரிவரைதான் தாங்கும் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. மூலையில்தான் வைக்க வேண்டும் என்றால் வெயில் மழைக்கென்றே செய்த வெளிப்புற ரூட்டரை வாங்குங்கள். நெட்வொர்க் கேபிள் வழியாகவே அதற்குக் கரண்டும் போகும்.

இப்போது என் ரூட்டர் கூண்டுக்குள் இருக்கிறது. ஆன்டெனா மட்டும் வெளியே, ஜிஐ பைப்பில், டவரைப் பார்த்து. கேபிள் இரண்டே மீட்டர் என்பதால் இழப்பு குறைவு. ஆன்டெனா வைத்தால் இரண்டு வைக்க வேண்டும், அல்லது ஒரே பெட்டிக்குள் இரண்டு கேபிளோடு வருவதை வாங்க வேண்டும். 4ஜி ரூட்டர் இரண்டு காதால் கேட்பது. ஒருவர் மேலே மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் கீழே ரூட்டர் பக்கத்தில் தெளிவு எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தூர்தர்ஷன் ஆன்டெனாவைத் திருப்பிய தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. "இப்ப தெரியுதா?" என்ற அதே கேள்விதான்.

சிக்னல் பூஸ்டர் என்று இணையத்தில் விற்கும் பெட்டிகளை மட்டும் வாங்காதீர்கள். அனுமதி இல்லாமல் வைப்பது சட்டப்படி குற்றம், அக்கம்பக்கத்து சிக்னலையும் அது கெடுக்கும்.

கீழே, கூடத்தில், ஒரு பழைய வைஃபை ரூட்டர் போதும். அதை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு (வரும் நெட்டை வைஃபையாகப் பரப்புவது மட்டுமே அதன் வேலை) மாற்றி மேலிருந்து வரும் கேபிளைச் செருகுங்கள். மாற்றாமல் விட்டால் இரண்டு ரூட்டரும் நான்தான் பெரியவன் என்று முட்டிக்கொள்ளும், நெட் வரும் போகும்.

படி 6: அமைப்புகள்

சிம்மைப் போட்டு, 192.168.1.1 அல்லது ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரிக்குப் போங்கள். ஏபிஎன் (நிறுவனத்தின் நெட்டுக்குள் நுழைய ரூட்டர் சொல்லும் பெயர்) பெரும்பாலும் தானாக வரும். வராவிட்டால் ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். முறையை '4ஜி மட்டும்' என்று வையுங்கள். பேண்டைப் பூட்டும் வசதி இருந்தால் ஒவ்வொன்றாகப் பூட்டி, இரவில் எது வேகம் என்று பார்த்து அதில் விடுங்கள். எனக்கு பேண்ட் 3ல் 12 எம்பிபிஎஸ், பேண்ட் 40ல் 35 வந்தது.

அடுத்து டேட்டா. உங்கள் கைபேசிகள் வைஃபை என்றாலே இலவசம் என்று நினைத்துக்கொள்ளும். போட்டோ பேக்கப், ஆப் அப்டேட் எல்லாம் அப்போதுதான் பாயும். ஆண்ட்ராய்டில் அந்த வைஃபை பெயரைத் தட்டி, அதை மீட்டர் உள்ள (metered), அதாவது டேட்டாவுக்குக் கணக்கு உள்ள இணைப்பாக மாற்றுங்கள். விண்டோஸ் கணினியிலும் இதே வசதி உண்டு. டிவியில் படத்தின் தரத்தை 720க்கு இறக்குங்கள். 32 அங்குலத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சிசிடிவி வைத்திருப்பவர்களுக்கு: மொபைல் நெட்வொர்க்கில் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறார்கள். அதனால் வெளியிலிருந்து போர்ட் திறந்து கேமராவைப் பார்ப்பது நடக்காது. கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்கும் வகை வேலை செய்யும்.

படி 7: கரண்ட் போனால்

ரூட்டருக்கு என்று விற்கும் மினி யுபிஎஸ் வாங்கலாம். அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியர், பின்னின் அளவு மூன்றும் பொருந்த வேண்டும். 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள்: 37 வாட்-மணி. இழப்பு போக 31 என்று வைத்தால், 8 வாட் இழுக்கும் ரூட்டர் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ரூட்டர் இருப்பதை மறக்காதீர்கள். இன்வெர்ட்டர் லைன் மாடிப்படிக் கூண்டுவரை வந்திருந்தால் யுபிஎஸ்ஸே வேண்டாம்.

ஐப்பசி இடிக்கு, கேபிளை மேலும் கீழும் கழற்றி வைப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இரும்புப் பைப்பை எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் செய்துவிடுங்கள்.

படி 8: திடீரென்று மெதுவானால்

ரூட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு நோட்டை எடுங்கள். பலமும் தெளிவும் பழைய எண்ணிலேயே இருந்தால் டவரில் கூட்டம் அல்லது டேட்டா தீர்ந்திருக்கிறது. எண் குறைந்திருந்தால் உங்கள் பக்கம் ஏதோ மாறியிருக்கிறது: ஆன்டெனா காற்றில் திரும்பியிருக்கும், கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கும், நடுவில் யாராவது மாடி கட்டியிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் போன வருடம் மைனஸ் 89 என்பது மெல்ல மெல்ல மைனஸ் 97 ஆனது. ஆன்டெனா அப்படியேதான் இருந்தது, கனெக்டரும் காய்ந்திருந்தது. ஒரு நாள் பைப்புக்குப் பக்கத்தில் நின்று டவர் இருக்கும் திசையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கஜாவில் சாய்ந்த மரங்களுக்குப் பதிலாகப் பக்கத்துத் தோப்பில் வைத்த கன்றுகள், ஓலை விரித்து எங்கள் மாடி உயரத்துக்கு வந்திருந்தன. பைப்பை ஆறடி நீட்டினேன்; மைனஸ் 90 வந்தது. அடுத்த முறை இருபதடி பைப்பாகவே வாங்கி வைத்துவிட வேண்டும்.